கிரான் வழிகாட்டி: ஆள் இல்லாத நேரத்தில் கணினியிடம் வேலையை ஒப்படைப்பது எப்படி

கணினியை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு நாள் தவறாமல் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கும். இரவில் கணக்குக் கோப்புகளைப் பிரதி எடுத்து வேறொரு வட்டில் வைப்பது, வாரம் ஒருமுறை பழைய பதிவுகளை அகற்றுவது, காலையில் அலுவலகம் திறப்பதற்குள் முந்தைய நாளின் அறிக்கையைத் தயாராக வைப்பது என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் மனிதர் நினைவில் வைத்துச் செய்யும் வரை, காய்ச்சல் வந்த நாளிலும் ஊருக்குப் போன நாளிலும் அவை விட்டுப்போகும். லினக்ஸ் கணினிகளில் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் நிரலுக்குக் கிரான் என்று பெயர்.

கிரான் புதிய கருவி அன்று. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின், 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. 1987இல் பால் விக்ஸி என்னும் நிரலாளர் அதைப் புதிதாக எழுதினார். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இன்று இயங்குவது அவர் எழுதியதன் வழித்தோன்றல்தான். ரெட் ஹேட் குடும்பத்தில் உள்ள குரோனி என்பதும் அதிலிருந்து கிளைத்ததே. இத்தனை ஆண்டுகள் ஆகியும் அதன் அட்டவணை எழுதும் முறை பெரிதாக மாறவில்லை என்பதால், இன்று கற்றுக்கொள்வது நெடுங்காலம் பயன்படும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதைத் தொடக்கம் முதல் கடைசி வரை அமைக்கப் போகிறோம்: மலர் என்னும் பயனர், தம் கணக்குக் கோப்புறையை ஒவ்வொரு நாளும் அதிகாலை 2.30 மணிக்குக் காப்புநகல் எடுக்க விரும்புகிறார். கட்டளைகளையும் கோப்புகளின் இருப்பிடங்களையும் ஒலிப்புக்கு ஏற்பத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்; கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். எண்களும் குறிகளும் அப்படியே பொருந்தும்.

கிரான் செய்வது என்ன

கிரான் பின்னணியில் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஒவ்வொரு பயனரும் எழுதி வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து, அந்த நிமிடத்துக்குப் பொருந்தும் வரி ஏதேனும் இருந்தால் அதில் உள்ள கட்டளையை இயக்கிவிட்டு மறுபடியும் உறங்கிவிடும். நேற்று என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. இயக்கிய கட்டளை வென்றதா தோற்றதா என்று அது கவலைப்படுவதும் இல்லை. குறித்த நிமிடத்தில் கணினி அணைந்திருந்தால், பிறகு மின்சாரம் வந்ததும் விட்டுப்போன வேலையைத் தேடிச் செய்யாது. இந்த மூன்று இயல்புகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், புதியவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே புரிந்துவிடும்.

முதற்படி: கிரானும் கடிகாரமும்

கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தை (டெர்மினல்) திறந்து 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கிரான்' என்று தட்டுங்கள். பச்சை எழுத்தில் இயங்குகிறது என்ற செய்தி வந்தால் போதும். ரெட் ஹேட் வகைக் கணினிகளில் இதே சேவைக்குப் பெயர் 'கிரான்ட்'. அடுத்து 'டேட்' என்று தட்டி, கணினி காட்டும் நேரத்தை உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக் கணினியில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வாடகைக்கு எடுத்த மேகச் சர்வர்களில் ஐந்தரை மணி நேரம் பிந்தியிருப்பதே வழக்கம். அது ஏன், என்ன செய்ய வேண்டும் என்பதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இரண்டாம் படி: வேலையை முதலில் கையால் செய்து பார்ப்பது

அட்டவணையைத் திறந்து அதற்குள்ளேயே நீண்ட கட்டளையை எழுதத் தொடங்குவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி ஸ்கிரிப்டாக, அதாவது கட்டளைகளை வரிசையாகக் கொண்ட கோப்பாக எழுதி, அதைக் கையால் இயக்கி, சரியாக நடக்கிறது என்று உறுதி செய்த பிறகே கிரானிடம் ஒப்படைக்க வேண்டும். அப்போதுதான் ஏதேனும் பழுதானால், கோளாறு வேலையிலா அட்டவணையிலா என்று பிரித்தறிய முடியும்.

மலருக்காக /ஹோம்/மலர்/பணி என்ற கோப்புறையில் 'காப்பு' என்ற கோப்பை உருவாக்குவோம். முதல் வரியில், எந்தச் செயலி இதைப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் #!/பின்/பாஷ் இடம்பெற வேண்டும். அடுத்த வரியில், நடுவில் எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்படி 'செட்' கட்டளையோடு '-இ' என்னும் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். அதே வரியில் '-ஓ பைப்ஃபெயில்' என்பதையும் சேர்த்துவிடுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதன் பின், 'டார்' கட்டளைக்குச் சிறுகோட்டை அடுத்து சி, இசட், எஃப் ஆகிய மூன்று எழுத்துகளைக் கொடுத்து, சேமிக்க வேண்டிய கோப்பின் பெயரையும் நகல் எடுக்க வேண்டிய கோப்புறையையும் எழுதினால் சுருக்கப்பட்ட ஒரே கோப்பு கிடைக்கும். கோப்பின் பெயரில் அன்றைய தேதி வரும்படி செய்வது நல்லது. இல்லையென்றால் இன்றைய நகல் நேற்றைய நகலின் மேல் எழுதப்பட்டு, ஒரு நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்ட தவறுக்கு மருந்தே இல்லாமல் போகும்.

ஸ்கிரிப்டைச் சேமித்த பிறகு, 'சிஎச்மோட் +எக்ஸ்' கட்டளையால் அதற்கு இயங்கும் உரிமையைக் கொடுத்து, முழு இருப்பிடத்தையும் தட்டி இயக்கிப் பாருங்கள். நகல் கோப்பு உருவானது என்பதோடு நிறைவடைந்துவிடாமல், அதை வேறொரு கோப்புறையில் விரித்து, உள்ளே இருக்கும் ஏதேனும் ஒரு கணக்கைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் கணினியில் ஸ்கிரிப்டை எழுதி இங்கே கொண்டுவருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் வரியே பிழையாகி ஸ்கிரிப்ட் இயங்க மறுக்கும். 'டாஸ்2யூனிக்ஸ்' என்ற சிறு கருவி அதை நீக்கித் தரும்.

மூன்றாம் படி: அட்டவணையைத் திறப்பது

'கிரான்டாப் -இ' என்று தட்டினால் உங்களுக்குரிய அட்டவணை திறக்கும். முதன்முறை திறக்கும்போது எந்தத் திருத்தியைப் பயன்படுத்துவது என்று உபுண்டு கேட்கும். பழக்கமில்லாதவர்கள் நானோவைத் தேர்ந்தெடுத்தால் எளிது. 'கிரான்டாப் -எல்' என்பது அட்டவணையைத் திருத்தாமல் காட்ட மட்டும் செய்யும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'கிரான்டாப் -ஆர்' என்பது, உறுதிதானா என்று ஒரு சொல் கூடக் கேட்காமல் முழு அட்டவணையையும் அழித்துவிடும். விசைப்பலகையைப் பாருங்கள்: திருத்துவதற்கான 'இ' எழுத்தும் அழிப்பதற்கான 'ஆர்' எழுத்தும் அடுத்தடுத்த விசைகள். விரல் ஒரு விசை வலப்பக்கம் நழுவினால் போதும், பல மாதங்களாகச் சேர்த்த வரிகள் அனைத்தும் போய்விடும். ஆகவே அட்டவணையில் எதையேனும் மாற்றும்போதெல்லாம், 'கிரான்டாப் -எல்' காட்டுவதை ஒரு கோப்புக்குத் திருப்பிச் சேமித்து வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பும் இரவு நகலில் சேரும்படி பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

'சூடோ' சேர்த்து இதே கட்டளையைத் தட்டினால் திறப்பது உங்கள் அட்டவணை அன்று; ரூட் எனப்படும் தலைமைப் பயனரின் அட்டவணை. நேற்று எழுதிய வரி இன்று காணவில்லை என்று பதறுபவர்களில் பலர் ஒரு நாள் 'சூடோ' சேர்த்தும் மறுநாள் சேர்க்காமலும் திறந்தவர்களே. சொந்தக் கோப்புகளை நகல் எடுக்க ரூட் உரிமை தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தினால், ஸ்கிரிப்டில் உள்ள ஒரு சிறு எழுத்துப் பிழை முழுக் கணினியையும் பாதிக்கும்.

நான்காம் படி: ஐந்து இடங்கள்

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் முதலில் நேரத்தைக் குறிக்கும் ஐந்து இடங்களும், அவற்றைத் தொடர்ந்து கட்டளையும் வரும். முதல் இடம் நிமிடம், 0 முதல் 59 வரை. இரண்டாவது மணி, 0 முதல் 23 வரை. ஆகவே இரவு எட்டு மணி என்பது 20. மூன்றாவது மாதத்தின் தேதி, நான்காவது மாதம், ஐந்தாவது கிழமை. கிழமையில் ஞாயிறு 0, திங்கள் 1 என்று தொடங்கிச் சனி 6 வரை செல்லும். 7 என்று எழுதினாலும் ஞாயிறுதான். ஓர் இடத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த இடத்தில் எந்த மதிப்பு வந்தாலும் சரி என்று பொருள். மலரின் வரி இப்படி அமையும்:

30 2 * * * /ஹோம்/மலர்/பணி/காப்பு

வலமிருந்து இடமாகப் படித்தால் எளிதாகப் புரியும்: எந்தக் கிழமையானாலும், எந்த மாதமானாலும், எந்தத் தேதியானாலும், இரண்டு மணி, முப்பதாவது நிமிடத்தில். நிமிடத்தை முதலில் எழுதுவது நம் பேச்சு வழக்கத்துக்கு மாறாக இருப்பதால், தொடக்கத்தில் 2 30 என்று மாற்றி எழுதிவிடுவது உண்டு. 30 என்ற மணி இல்லாததால் கிரான்டாப் அதை ஏற்க மறுத்துவிடும், தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் 2 10 என்று மாற்றி எழுதிவிட்டால் அது தவறென்று எந்தக் கருவியும் சொல்லாது, 2.10க்கு நடக்க வேண்டிய வேலை காலை 10.02க்கு நடக்கும்.

இதைவிடப் பெரிய இடர் நிமிட இடத்தில் நட்சத்திரம் வைப்பது. அதிகாலை இரண்டு மணிக்கு ஒரே ஒரு முறை நடக்கும் என்று நினைத்து

* 2 * * *

என்று எழுதினால், இரண்டு மணியில் தொடங்கி 2.59 வரை நிமிடத்துக்கு ஒன்றாக அறுபது முறை அந்த வேலை நடக்கும். காப்புநகல் என்றால் வட்டு நிரம்பும். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வேலை என்றால் ஒருவருக்கே அறுபது கடிதம் போய்ச் சேரும்.

காற்புள்ளியால் பல மதிப்புகளையும், சிறுகோட்டால் ஒரு வரம்பையும், சாய்கோட்டால் இடைவெளியையும் குறிக்கலாம். எடுத்துக்காட்டாக,

*/15 9-17 * * 1-5

என்பது திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது முதல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை. இது மாலை ஐந்து மணியோடு நின்றுவிடும் என்று தோன்றும், ஆனால் நிற்காது. பதினேழாம் மணிக்குள் அடங்கும் 5.15, 5.30, 5.45 ஆகிய வேளைகளிலும் நடக்கும். சாய்கோட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. */7 என்று நிமிட இடத்தில் எழுதினால் 0, 7, 14 என்று சென்று 56இல் நடக்கும்; அடுத்தது ஏழு நிமிடம் கழித்து நடக்காமல், மணி மாறியதும் மறுபடி 0இல் தொடங்கும். அதாவது கடைசி இடைவெளி நான்கே நிமிடம். ஏனென்றால் கிரான் காலத்தை அளப்பதில்லை. கடிகார முள் காட்டும் எண்ணை மட்டுமே பார்க்கிறது. அறுபதை மீதியின்றி வகுக்கும் 5, 10, 15, 20, 30 போன்ற எண்களைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் எழாது.

தேதியையும் கிழமையையும் ஒரே வரியில் கட்டுப்படுத்துவதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். இந்திய வங்கிகளுக்கு இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. அன்று காலை ஏழு மணிக்கு ஒரு வேலை நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சனி எப்போதும் 8ஆம் தேதி முதல் 14ஆம் தேதிக்குள்தான் வரும் என்பதால்

0 7 8-14 * 6

என்று எழுதத் தோன்றும். மற்ற இடங்கள் அனைத்தும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்று கேட்கும் கிரான், இந்த இரண்டு இடங்களும் நட்சத்திரமின்றி நிரப்பப்பட்டிருந்தால் மட்டும் இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே மேலே உள்ள வரி 8 முதல் 14 வரை ஏழு நாளும் நடக்கும். மாதத்தின் மற்றச் சனிக்கிழமைகளிலும் நடக்கும். சரியான வழி, கிழமை இடத்தில் நட்சத்திரத்தை வைத்து 8 முதல் 14 வரை என்று மட்டும் எழுதி, இன்று சனிதானா என்ற சோதனையை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் வைத்து, இல்லையென்றால் அங்கேயே வெளியேறச் செய்வது. மாதத்தின் கடைசி நாளுக்கும் இதே உத்திதான்: 28 முதல் 31 வரை ஸ்கிரிப்டை இயக்கி, நாளைய தேதி 1 ஆக இருந்தால் மட்டும் வேலையைத் தொடரச் செய்யலாம்.

ஒவ்வொரு வரிக்கும் மேலே # குறியிட்டு, இது என்ன வேலை, யாருக்காக, என்று சேர்த்தது என்பதைத் தமிழிலேயே ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். கடைசி வரிக்குப் பின் எண்டர் விசையைத் தட்ட மறக்கவும் வேண்டாம். கடைசி வரி, வரி முறிவோடு முடிய வேண்டும் என்று டெபியன் வகைக் கிரான் எதிர்பார்க்கிறது. சேமித்து வெளியேறினால் புதிய அட்டவணை நிறுவப்படுவதாகச் செய்தி வரும்; கிரானை நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை, மாற்றத்தை அதுவே கண்டுகொள்ளும்.

ஐந்தாம் படி: வெறும் அறையில் நடக்கும் வேலை

'கையால் இயக்கினால் நடக்கிறது, கிரானில் நடக்கவில்லை' என்பதே புதியவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்கும் முறையீடு. முனையத்தைத் திறக்கும்போது, கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும், எந்த மொழி, எந்த அமைப்புகள் என்று பலவற்றையும் கணினி உங்களுக்காக ஏற்பாடு செய்து வைக்கிறது. கிரானின் வேலை நடக்கும் இடத்தில் இந்த ஏற்பாடுகள் அநேகமாக எதுவும் இல்லை. கட்டளைகளைத் தேடும் பாதை பெரும்பாலும் /யுஎஸ்ஆர்/பின், /பின் ஆகிய இரண்டோடு முடிந்துவிடும். அவற்றுக்கு வெளியே நிறுவிய எந்தக் கருவியும் கிரானுக்குத் தெரியாது.

இதன் விளைவை நான் ஒருமுறை நேரில் பட்டேன். ஒரு சிறு அலுவலகத்தின் தரவுத்தளத்தை இரவுதோறும் எடுத்து, ஜிசிப் கட்டளையால் சுருக்கிச் சேமிக்கும் வரியை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். காலைதோறும் கோப்புறையில் சரியான பெயரோடும் சரியான தேதியோடும் ஒரு புதிய கோப்பு இருந்தது. நானும் மனநிறைவோடு இருந்தேன். சில வாரங்கள் கழித்துத் தரவுத்தளத்தில் இருந்த ஓர் அட்டவணையை யாரோ தவறுதலாக அழித்துவிட, நகலிலிருந்து மீட்கப் போனபோதுதான் கோப்புகளின் அளவைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 20 பைட். தரவை எடுக்கும் கருவி /ஆப்ட் கோப்புறையின் கீழ்த் தனியாக நிறுவப்பட்டிருந்ததால் கிரானால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜிசிப் மட்டும் /பின் கோப்புறையில் இருந்ததால் ஒழுங்காக இயங்கி, வந்து சேராத தரவைச் சுருக்கி, ஒவ்வோர் இரவும் வெற்றுக் கோப்பைச் சேமித்திருந்தது. வெறுமையைச் சுருக்கினால் ஜிசிப் தரும் கோப்பின் அளவு சரியாக 20 பைட். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குழாய்க்குறியால் (|) இணைத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளை வென்றாலே முழுவதும் வென்றதாகக் கணக்கு என்பதால், வரிக்கு வரி எல்லாம் வெற்றி என்றே பதிவாகியிருந்தது. அழிந்த பதிவுகளை அலுவலகத்தினர் தாள் ரசீதுகளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்தார்கள். நானும் உடன் உட்கார்ந்து தட்டினேன்.

மேலே 'பைப்ஃபெயில்' விருப்பத்தைச் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே: அது இருந்தால் குழாயின் எந்தக் கண்ணி அறுந்தாலும் முழுவதும் தோற்றதாகக் கணக்காகும். அதோடு, ஸ்கிரிப்டுக்குள் எல்லாக் கட்டளைகளையும் கோப்புகளையும் சாய்கோட்டில் தொடங்கும் முழு இருப்பிடத்தோடு எழுதுங்கள். ஒரு கருவி எங்கே இருக்கிறது என்பதைக் 'கமாண்ட் -வி' சொல்லும். தமிழ்க் கோப்புகளைக் கையாளும் நிரல் என்றால், மொழி அமைப்பையும் ஸ்கிரிப்டின் தலையிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். கிரானின் சூழல் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க விரும்பினால், ஐந்து நட்சத்திரங்களோடு 'என்வ்' கட்டளையை எழுதி அதன் வெளியீட்டை ஒரு கோப்புக்கு அனுப்பி, ஒரு நிமிடம் பொறுத்து அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் முனையத்தில் அதே கட்டளை பக்கம் பக்கமாகக் காட்டுவது இங்கே சில வரிகளோடு முடிந்திருக்கும். பார்த்தபின் அந்த வரியை நீக்கிவிட வேண்டும்.

ஆறாம் படி: வேலை பேசுவதைக் கேட்பது

கிரான் இயக்கும் கட்டளை எதையேனும் அச்சிட்டால், அதை அந்தப் பயனருக்கு மின்னஞ்சலாக அனுப்பக் கிரான் முயலும். இன்றைய பெரும்பாலான கணினிகளில் அஞ்சல் அனுப்பும் ஏற்பாடே இருப்பதில்லை. அப்போது டெபியன் வகைக் கிரான், அஞ்சல் ஏற்பாடு இல்லாததால் வெளியீட்டைக் கைவிடுகிறேன் என்று கணினிப் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு அனைத்தையும் எறிந்துவிடும். நான் சொன்ன அலுவலகத்தின் பதிவில் அந்த வரி ஒவ்வோர் இரவும் இருந்தது. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே வெளியீட்டை நாமே ஒரு கோப்புக்குத் திருப்ப வேண்டும்:

30 2 * * * /ஹோம்/மலர்/பணி/காப்பு >> /ஹோம்/மலர்/பணி/பதிவு 2>&1

இரட்டை அம்புக்குறி, பழைய பதிவை அழிக்காமல் அதன் முடிவில் சேர்க்கும். கடைசியில் உள்ள 2>&1 பிழைச் செய்திகளையும் அதே கோப்பில் கொண்டுவந்து சேர்க்கும்; அது இல்லையென்றால் நல்ல செய்தி மட்டும் பதிவாகிக் கெட்ட செய்தி காற்றோடு போய்விடும். பல வழிகாட்டிகள் வெளியீடு முழுவதையும் /டெவ்/நல் என்னும் வெற்றிடத்துக்கு அனுப்பச் சொல்கின்றன. புதிய வேலைக்கு அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அட்டவணை வரியில் % குறியை நேரடியாக எழுதக் கூடாது. கிரான் அதை வரி முறிவாக எடுத்துக்கொண்டு, கட்டளையை அந்த இடத்திலேயே துண்டித்துவிடும். தேதியோடு கோப்புப் பெயர் அமைக்கும்போது இந்தக் குறி தவறாமல் தேவைப்படும். அதற்கு முன் ஒரு பின்சாய்கோட்டைச் சேர்த்துத் தப்பலாம் என்றாலும், தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொள்வதே நேர்த்தி.

இப்போது சோதனை. அதிகாலை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதைய நேரத்திலிருந்து இரண்டு மூன்று நிமிடம் தள்ளி ஒரு நேரத்தை எழுதிச் சேமித்துவிட்டுக் காத்திருங்கள். கிரான் வரியை இயக்கியதா என்பதைக் கணினிப் பதிவில் பார்க்கலாம். 'ஜர்னல்சிடிஎல் -யு கிரான்' என்று தட்டினால் இயக்கிய நேரமும் கட்டளையும் தெரியும். அங்கே வரி இல்லை என்றால் கோளாறு அட்டவணையில்; வரி இருந்தும் நகல் இல்லை என்றால் கோளாறு ஸ்கிரிப்டில் அல்லது சூழலில். நகல் வந்ததும் நேரத்தைப் பழையபடி 30 2 என்று மாற்றிவிடுங்கள்.

ஒரு வேலை முடிவதற்குள் அதன் அடுத்த முறை வந்துவிடும் வாய்ப்பு இருந்தால், எடுத்துக்காட்டாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் வேலை சில நாள் எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டால், இரண்டும் ஒரே கோப்பில் மோதும். கிரான் அதைத் தடுக்காது. கட்டளைக்கு முன் 'ஃப்ளாக் -என்' என்பதையும் ஒரு பூட்டுக் கோப்பின் பெயரையும் சேர்த்தால், முந்தையது இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும்போது புதியது சத்தமின்றி விலகிக்கொள்ளும்.

எந்த ஊர் நேரம்

மேகச் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. நமக்கு அதிகாலை 2.30 என்பது சர்வருக்கு முந்தைய நாள் இரவு 9 மணி. ஆகவே 0 21 * * * என்று எழுத வேண்டும். நாள்தோறும் நடக்கும் வேலைக்கு இந்தக் கழித்தல் போதும். கிழமை வரும்போது கவனம் தேவை: நம் திங்கள் அதிகாலை அங்கே இன்னும் ஞாயிறு, எனவே 0 21 * * 0. நம் மாதத்தின் முதல் தேதி அதிகாலை அங்கே முந்தைய மாதத்தின் கடைசி நாள். அது 28 முதல் 31 வரை மாறுவதால் ஐந்து இடங்களில் நேரடியாக எழுதவே முடியாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, சர்வரில் வேறு எவரும் பொது நேரத்தை நம்பியிருக்கவில்லை என்றால், 'டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன்' கட்டளையால் நேர வட்டாரத்தை ஏசியா/கொல்கத்தா அல்லது ஏசியா/கொழும்பு என்று மாற்றிவிடலாம். மாற்றியபின் கிரான் சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். இல்லையென்றால் அது பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் வாசகர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. வசந்த காலத்தில் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும் இரவில் டொரன்டோவில் 2.30 என்ற நேரமே வராது. இலையுதிர் காலத்தில் பின்னால் நகர்த்தும் இரவில் 1.30 இருமுறை வரும். இதைச் சமாளிக்கும் ஏற்பாடு சில கிரான்களில் இருந்தாலும், முக்கியமான வேலைகளை நான்கு மணிக்குப் பின் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கணினி அணைந்திருந்தால்

இரவில் அணைத்துவிடும் மடிக்கணினிக்கு 2.30 மணி வரி பயனற்றது. அனக்ரான் என்னும் துணை நிரல், நாள், வாரம், மாதம் என்ற கணக்கில் கடைசியாக எப்போது வேலை நடந்தது என்று குறித்து வைத்து, விட்டுப்போயிருந்தால் கணினி எழுந்தபின் செய்துவிடும். அதன் துணையோடு /ஈடிசி/கிரான்.டெய்லி கோப்புறையில் ஸ்கிரிப்டைப் போட்டுவைத்தால் போதும்; ஆனால் டெபியன் வகைக் கணினிகளில் அங்கே வைக்கும் கோப்பின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. வழக்கமான புள்ளி-எஸ்எச் பின்னொட்டோடு வைத்த ஸ்கிரிப்டை அது எந்தச் செய்தியும் தராமல் ஒதுக்கிவிடும். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர் என்ற ஏற்பாடும் விட்டதைப் பிடிக்கும் திறனுடையது. அதற்கு ஒரு வரிக்குப் பதில் இரண்டு கோப்புகள் எழுத வேண்டியிருப்பதால், கிரான் கைவந்த பிறகு அதைக் கற்பது எளிது.

கடைசிப் படி: காலையில் ஒரு காவல்

இரவு வரி சரியாக அமைந்த பிறகு, அதே அட்டவணையில் இன்னொரு வரியைச் சேருங்கள்:

0 7 * * * /ஹோம்/மலர்/பணி/சரிபார் >> /ஹோம்/மலர்/பணி/பதிவு 2>&1

'சரிபார்' என்னும் ஸ்கிரிப்ட் மூன்றை மட்டும் பார்க்க வேண்டும்: இன்றைய தேதியோடு நகல் கோப்பு இருக்கிறதா, அதன் அளவு நேற்றையதில் பாதிக்கும் கீழே போகாமல் இருக்கிறதா, வட்டில் இன்னும் ஒரு வாரத்துக்கு இடம் இருக்கிறதா. மூன்றும் சரி என்றால், நீங்கள் நாள்தோறும் பார்க்கும் இடத்துக்கு, மின்னஞ்சலோ டெலிகிராமோ எதுவானாலும், 'இன்று சரி' என்று கோப்பின் அளவோடு ஒரு செய்தி அனுப்பட்டும். ஒன்று தவறினாலும் அதே இடத்துக்கு எச்சரிக்கை வரட்டும். தவறும்போது மட்டும் செய்தி வந்தால் போதாதா என்று கேட்கலாம், போதாது. சர்வர் நின்றுபோனாலும் கிரான் நின்றுபோனாலும் தவறைச் சொல்லவும் ஆள் இருக்காது, அந்த அமைதியை நாம் நலம் என்று எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் வரும் செய்தி ஒரு காலை வரவில்லை என்றால், தேநீரைக் கீழே வைத்துவிட்டு முனையத்தைத் திறந்து 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கிரான்' என்று தட்டுங்கள்.